மழைமேல் போட்ட பழி

கிளாஸ்கோவில் எங்களுடைய ஐந்தாவது குளிர்காலத்தில் நான் ஒரு எக்ஸெல் ஷீட் போட்டேன். ஒரு பக்கம் கிளாஸ்கோ, இன்னொரு பக்கம் பெர்த். வாடகை, சம்பளம், வரி, விசா, மகளின் பள்ளி, ஊருக்குப் போகிற விமானச் செலவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், 'வெயில்' என்று எழுதியிருந்தேன். கிளாஸ்கோவில் வருடத்துக்குச் சுமார் 1,200 மணி நேரம் வெயில். பெர்த்தில் 3,000 மணி நேரத்துக்கும் மேல். ஒவ்வொரு வரிக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, அது எவ்வளவு முக்கியமோ அதால் பெருக்கி, கூட்டிப் பார்த்தேன். பெர்த் ஜெயித்தது. ஜெயிக்காமல் எப்படி இருக்கும்? சம்பளத்தைவிட வெயிலுக்கு அதிக எடை கொடுத்திருந்தேன். முதலில் முடிவெடுத்துவிட்டு, அப்புறம் அதற்கு டேட்டா தேடுவது எங்கள் தொழிலில் புதிதொன்றும் இல்லை.

அம்மாவுக்கு போன் போட்டு, "வெயில் இருக்கிற ஊருக்குப் போறோம்மா" என்றேன். அம்மா இருப்பது வேலூரில். மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு நாய்கூடத் தெருவைக் கடக்காத ஊர்.

"ஏன்டா, வெயில் வேணும்னா இங்க வாயேன்டா. இங்கதான் கொட்டிக் கெடக்கே. அதுக்கு ஏன் இன்னொரு தேசம்?"

சிரித்தேன். அம்மாவும் சிரித்தார். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அது நடந்து நாலு வருஷம் ஆகிறது. வெயிலைத் தேடி நாடு மாறியது நினைத்த மாதிரி இருந்ததா என்று யாராவது கேட்டால், இப்போதும் எனக்கு அம்மாவின் கேள்விதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது.

வேலூரில் வளர்ந்தவனுக்கு வெயில் என்பது தப்பித்துக்கொள்ள வேண்டிய ஒன்று. "வெயில்ல சுத்தாத", "வெயில் தாழப் போலாம்", "வெயில் ஏறதுக்குள்ள வந்துடு" என்றுதான் வீட்டில் பேச்சே இருக்கும். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். வெயிலின் அருமை எங்கே தெரியும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

எனக்கு அது கிளாஸ்கோவில் தெரிந்தது. வரைபடத்தில் பார்த்தால் கிளாஸ்கோ மாஸ்கோவைவிடக் கொஞ்சம் வடக்கே இருக்கிறது. அட்லாண்டிக் கடலின் புண்ணியத்தில் மாஸ்கோ அளவுக்குக் குளிராது. ஆனால் கடல் வெப்பத்தைத்தான் கொண்டுவரும், வெளிச்சத்தைக் கொண்டுவராது. டிசம்பரில் காலை எட்டே முக்காலுக்கு விடியும், மாலை மூன்றே முக்காலுக்கு அஸ்தமனம். அந்த ஏழு மணி நேரத்திலும் பாதி நாள் மேகம்தான். ஆபீஸுக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. எனக்கு அது அலுப்பாக இருந்தது. என் மனைவிக்கு அது வேறு மாதிரி இருந்தது.

அவள் பல் மருத்துவர். கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் மூன்று வருடம் கிளினிக்கில் வேலை பார்த்தவள். பிரிட்டனில் இந்தியப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு யார் வாயையும் திறந்து பார்த்துவிட முடியாது. தனியாகத் தேர்வெழுதிப் பதிவுசெய்யணும். முதல் வருடம் வீடு பார்க்கப் போனது. இரண்டாம் வருடம் மகள் பிறந்தாள். அப்புறம் ஒவ்வொரு நவம்பரிலும் அவள் மெல்ல மெல்ல அணைந்துபோக ஆரம்பித்தாள். காலையில் எழுந்திருக்க முடியாது. எழுந்தாலும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து காபி ஆறும்வரை பார்த்துக்கொண்டே இருப்பாள். தேர்வைப் பற்றிப் பேச்செடுத்தால், "இந்தக் குளிர் போகட்டும், பார்க்கலாம்" என்பாள். நானும் "ஆமா, இந்தக் குளிர் போகட்டும்" என்பேன். மார்ச்சில் குளிர் போகும். தேர்வுப் பேச்சு வராது.

டாக்டரிடம் போனோம். அவர் வைட்டமின் டி மாத்திரையும், காலையில் அரை மணி நேரம் முன்னால் உட்கார்ந்திருக்க ஒரு விளக்குப் பெட்டியும் சொன்னார். பத்தாயிரம் லக்ஸ் வெளிச்சம். அந்தப் பெட்டி வந்த வாரத்தில்தான் அதன் கதையைத் தேடிப் படித்தேன். நார்மன் ரோசன்தால் என்ற மனநல மருத்துவர் 1976இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார். குளிர்காலம் வந்தால் தன் வேகம் குறைவதையும், வசந்தத்தில் திரும்பி வருவதையும் கவனித்தார். பின்னர் அமெரிக்க தேசிய மனநல ஆய்வு நிலையத்தில் அவர் வேலை பார்த்தபோது, பல வருடங்களாகத் தன் மனநிலையின் ஏற்ற இறக்கங்களை நோட்டில் குறித்துவைத்திருந்த ஒரு பொறியாளர் அந்த ஆராய்ச்சியாளர்களைத் தேடி வந்தார். 1984இல் ரோசன்தாலும் சகாக்களும் இந்தப் பருவகால மனச்சோர்வுக்கு ஒரு பெயர் வைத்துக் கட்டுரை வெளியிட்டார்கள். வெயில் தேசத்திலிருந்து வந்த ஒருவர்தான் இருட்டுக்கு நோய் என்று பெயர் வைத்தார் என்பது எனக்கு மிகப் பொருத்தமாகப் பட்டது.

எங்களுக்கு அந்தப் பெயர் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆறுதல் மட்டும் இல்லை, வசதியாகவும் இருந்தது. வீட்டில் எது நடந்தாலும், எது நடக்காவிட்டாலும், காரணம் கையில் தயாராக இருந்தது. அவள் சாப்பிடவில்லையா? குளிர்காலம். நாங்கள் பேசிக்கொள்ளவில்லையா? குளிர்காலம். நான் ராத்திரி ஒன்பது மணிவரை லேப்டாப்பை மூடாமல் இருந்ததற்கும் அதுவே காரணம்: வெளியே போய் என்ன செய்யப்போகிறோம், மழைதானே.

பெர்த்தில் நாங்கள் இறங்கியது ஜூலை மாதம். தென் கோளம், அதனால் நடுக் குளிர்காலம். பெர்த்தின் மழையில் பெரும்பகுதி அந்தச் சில மாதங்களில்தான் பெய்யும். என் எக்ஸெல் ஷீட்டில் வருடாந்திர மொத்தம்தான் இருந்தது, மாதக் கணக்கு இல்லை. கிளாஸ்கோ வீட்டில் சுவரெல்லாம் ஹீட்டர், ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. இங்கே கட்டியிருக்கும் வீடுகள் கோடையை மனதில் வைத்துக் கட்டியவை. அதனால் குளிர் நேராக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. சூரியனைத் தேடி வந்தவர்கள் முதல் மாதம் முழுக்க வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிந்தோம்.

செப்டம்பரில் வெயில் வந்தது. பொய் சொல்லக் கூடாது, அது அற்புதமாகத்தான் இருந்தது. வானம் இவ்வளவு நீலமாக இருக்க முடியும் என்பதையே மறந்துபோயிருந்தேன். காலை ஆறு மணிக்கு மனைவி தானாக எழுந்தாள். விளக்குப் பெட்டி அலமாரிக்குள் போனது. நவம்பர் வந்தபோது இருவரும் ஒருவரையொருவர் ரகசியமாகக் கவனித்துக்கொண்டோம். ஒன்றும் ஆகவில்லை. டிசம்பரும் வந்தது, போனது. ஷீட் சரிதான் என்று நினைத்தேன்.

அதே டிசம்பரில்தான் இந்த ஊர் வெயிலை எப்படிப் பார்க்கிறது என்பதும் தெரிய ஆரம்பித்தது. இங்கே வானிலைச் செய்தியில் வெப்பநிலையோடு புறஊதாக் கதிர் அளவையும் சொல்கிறார்கள். கோடையில் அது பதினொன்றைத் தாண்டி 'மிகத் தீவிரம்' என்ற நிலையில் நிற்கும். சட்டை போடு, கிரீம் பூசு, தொப்பி வை என்று ஒரு கடற்காகத்தைப் பாட வைத்து 1981இல் ஆரம்பித்த 'ஸ்லிப், ஸ்லாப், ஸ்லேப்' பிரச்சாரம் இன்றும் எல்லோருக்கும் மனப்பாடம். ஆஸ்திரேலியர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு எழுபது வயதுக்குள் ஏதாவது ஒரு வகைத் தோல் புற்றுநோய் வருகிறது. பள்ளிகளில் தொப்பி இல்லாத பிள்ளைக்கு மைதானத்தில் விளையாட அனுமதி இல்லை. கோடையில் மதியத்துக்கு மேல் தென்மேற்கிலிருந்து வரும் கடற்காற்றுக்கு இந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஃப்ரீமான்டில் டாக்டர்'. வெயிலுக்குப் பேர்போன ஊர் டாக்டர் என்று கூப்பிடுவது, வெயிலிலிருந்து காப்பாற்றுகிற காற்றை. அம்மாவிடம் சொன்னபோது, "அப்ப அங்கயும் வெயில் தாழத்தான் வெளிய போறாங்களா" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். 1960களின் கடைசியில் எட்டு வயதுப் பையனாக இங்கிலாந்தின் வடக்கிலிருந்து கப்பலில் வந்தவர். 'பத்து பவுண்ட் பாம்' என்பார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆஸ்திரேலிய அரசு பிரிட்டிஷ்காரர்களை அழைத்துக் குடியேற்றிய திட்டம் அது. பெரியவர்களுக்குப் பயணக் கட்டணம் பத்தே பவுண்ட், பிள்ளைகளுக்கு இலவசம். நீலக் கடல், மஞ்சள் மணல், சிரிக்கிற குடும்பம் என்று விளம்பரங்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். நான் அதில் வந்திருக்க முடியாது. வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை 1973இல்தான் முழுதாக ஒழிந்தது. இந்த வெயில் ரொம்ப காலம் ஒரு நிறத்துக்கு மட்டும் விற்கப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வந்து இறங்கியவர்களில் பலரை முதலில் தங்க வைத்தது, ராணுவம் பயன்படுத்திய அரைவட்டத் தகரக் கொட்டகைகளில். கோடையில் அதற்குள் எப்படி இருந்திருக்கும் என்று வேலூர்க்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. இரண்டு வருடத்துக்குள் திரும்ப நினைத்தால் அரசு செலவழித்த கப்பல் காசைத் திருப்பிக் கட்டணும். பக்கத்து வீட்டுக்காரரின் அம்மா இரண்டு வருடமும் காலண்டரில் நாளை அடித்துக்கொண்டே இருந்து, முடிந்த வாரமே குடும்பத்தோடு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினாராம். அங்கே போய்ப் பதினான்கு மாதம். மழையில் நின்றுகொண்டு, "நாம ஏன் திரும்பி வந்தோம்" என்று கேட்டாராம். மறுபடியும் கப்பல். இப்படிப் போய் வந்தவர்களுக்கு 'பூமராங் பாம்' என்று தனிப்பெயரே இருக்கிறது. வந்தவர்களில் சுமார் கால்வாசிப் பேர் திரும்பிப் போனார்கள், அவர்களில் நிறைய பேர் மறுபடியும் வந்தார்கள்.

"உங்க அம்மாவுக்கு எந்த ஊர்தான் பிடிச்சிருந்தது?" என்று கேட்டேன்.

"எப்பவும் இன்னொரு ஊர்" என்றார்.

அன்றைக்கு அதை நகைச்சுவையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, காட்டெஸ்லோ கடற்கரைக்குப் போனோம். மேற்குப் பார்த்த கடல். மாலை ஆறு மணி, டாக்டர் காற்று வீசிக்கொண்டிருந்தது. மகள் மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். அரசு விளம்பரத்தில் வருகிற அதே படம், அதே மஞ்சள், அதே நீலம். நான் போட்டோ எடுக்கத் திரும்பினால் மனைவி அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லாமல், முகத்தைக்கூட மூடாமல்.

"என்னாச்சு?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இன்னைக்குக் குளிர் இல்ல. மழை இல்ல. இப்ப எதைக் காரணம் சொல்லுவீங்க?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. அவளே சொன்னாள். ஏழு வருஷமாகத் தன் கையால் ஒரு பல்லைத் தொடவில்லை என்றாள். விசா பாரத்தில் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று ஒவ்வொரு முறையும் கை நிற்கிறது என்றாள். "நீங்க ஒரு தடவைகூட, நாளைக்கு நான் லீவு போடறேன், நீ படின்னு சொன்னதில்ல. குளிர் போகட்டும்னுதான் சொன்னீங்க. நானும் நம்பிட்டேன். குளிர்தான்னு." அவ்வளவுதான் பேசினாள். மகள் வந்து, "அம்மா ஏன் அழறா?" என்றாள். கண்ணில் மணல் விழுந்துவிட்டது என்று நான் சொன்னேன். அப்போதும் பழியை எதன்மேலாவது போடத்தான் எனக்குத் தெரிந்திருக்கிறது.

அன்று இரவு தூக்கம் வராமல் படித்ததுதான் டேவிட் ஷ்கேடும் டேனியல் கானமனும் 1998இல் வெளியிட்ட ஆய்வு. கலிபோர்னியாவில் வாழ்வது மனிதர்களை மகிழ்ச்சியாக்குமா என்பது கேள்வி. வெயில் காயும் தெற்குக் கலிபோர்னியாவிலும், பனி கொட்டும் மத்திய மேற்கு மாநிலங்களிலும் ஏறக்குறைய இரண்டாயிரம் மாணவர்களிடம் கேட்டார்கள். உன் வாழ்க்கையில் உனக்கு எவ்வளவு திருப்தி என்று கேட்டபோது இரண்டு பக்கமும் ஒரே அளவுதான் வந்தது. ஆனால் உன்னைப் போன்ற ஒருவர் அந்தப் பக்கம் இருந்தால் எப்படி இருப்பார் என்று கேட்டபோது, இரண்டு பக்கத்து மாணவர்களுமே கலிபோர்னியாக்காரர்தான் அதிக மகிழ்ச்சியாக இருப்பார் என்றார்கள். இரண்டு ஊரை ஒப்பிடச் சொன்னால் கண் நேராக வெயிலுக்குப் போகிறது, ஏனென்றால் அதுதான் வெளியிலிருந்து தெரிகிற வித்தியாசம். தன் சொந்த நாளை எடை போடச் சொன்னால் வெயில் ஞாபகத்துக்கே வருவதில்லை. நான் என் ஷீட்டில் செய்தது அச்சு அசலாக அதே தவறு.

ஆனால் இந்த ஆய்வை மட்டும் படித்துவிட்டு, "மனசு நல்லா இருந்தா எந்த ஊரும் நல்ல ஊர்தான்" என்று முடிப்பதற்கு எனக்கு உடன்பாடில்லை. அது பாதி உண்மை. ஆயிரக்கணக்கான பேரின் சராசரியில் ஒரு மனுஷியின் நவம்பர் காணாமல்போய்விடும். என் மனைவிக்கு நவம்பர் நிஜம். அது இங்கே வந்து நிஜமாகவே போயிற்று, இன்றுவரை திரும்பவில்லை. வேல்ஸில் பிறந்த ஜூலியா கில்லார்டுக்குச் சின்ன வயதில் நுரையீரல் நோய் வந்தது. வெப்பமான ஊருக்குப் போனால் நல்லது என்று சொன்னதால் அவர் பெற்றோர் 1966இல் அடிலெய்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். அப்பா அங்கே மனநலச் செவிலியராக வேலை பார்த்தார். 2010இல் மகள் நாட்டின் பிரதமரானார். மூச்சுவிடச் சிரமப்படுகிற நாலு வயதுக் குழந்தையிடம் போய், எதிர்பார்ப்பு எல்லாம் மாயை என்று யார் சொல்வார்கள்? உடம்பு வெயிலைக் கேட்டால் அது நியாயமான கேள்வி. வெயிலும் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறது.

பிரச்சினை, உடம்பு கேட்ட கேள்வியோடு சேர்த்து நாம் கட்டி அனுப்புகிற மற்ற மூட்டைகள்தான்.

எங்கள் வேலையில் அடிக்கடி நடக்கும் ஒன்று. ஒரு கோளாறுக்குக் காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்வோம். புகார்கள் பாதியாகக் குறையும், ஆனால் நிற்காது. அப்புறம்தான் தெரியும், ஒரே அறிகுறியைக் காட்டிக்கொண்டு உள்ளே இரண்டு கோளாறுகள் இருந்தன என்று. முதலாவது இருக்கும்வரை இரண்டாவது கண்ணில் படாது. கிளாஸ்கோவில் இருட்டும் இருந்தது, என்னுடைய அலட்சியமும் இருந்தது. இரண்டும் ஒரே முகத்தைத்தான் காட்டின: ஜன்னல் ஓரம் ஆறிப்போகிற காபி. இருட்டு நிஜமாக இருந்ததால் அதன் நிழலில் நான் சௌகரியமாக ஒளிந்துகொண்டேன். முழுப் பொய்யென்றால் என்றைக்காவது பிடிபட்டிருப்பேன். பாதி உண்மையாக இருந்ததால்தான் ஐந்து குளிர்காலம் ஓடியது.

அப்படியென்றால் வெயில் எங்களுக்குச் செய்தது இதுதான்: கணக்கைப் பிரித்துக் காட்டியது. இது வானத்தின் பங்கு, இது உன் பங்கு என்று. பிறகு வானத்தின் பங்கை அது தீர்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. என் பங்கு அப்படியே மிச்சம் இருந்தது.

மனைவியிடம் ஒரு கேள்வி கேட்பதற்கு ஒருவன் பூமியின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரணுமா என்றால், வேண்டியதில்லை. கிளாஸ்கோவிலேயே, மழை பெய்துகொண்டிருந்த ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை கேட்டிருக்கலாம். வெட்கப்பட வேண்டிய விஷயம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஷீட்டில் நான் எழுதாமலே கிடைத்த ஒன்றும் உண்டு. கிளாஸ்கோவில் குளிர்காலத்தில் ஆறு மணிக்கு வேலை முடித்தால் வேலூரில் இரவு பதினொன்றரை. அம்மா தூங்கியிருப்பார். வார இறுதியில் மட்டும், கணக்கு ஒப்புவிக்கிற மாதிரி பேசிக்கொள்வோம். பெர்த் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம்தான் முன்னால். ஆறு மணிக்கு நான் லேப்டாப்பை மூடினால் அங்கே மூன்றரை. அம்மா மதியத் தூக்கம் கலைந்து டீ போடுகிற நேரம். தினமும் பத்து நிமிஷம், ஒன்றுமில்லாததைப் பேசுகிறோம். கத்தரிக்காய் என்ன விலை, மாடிவீட்டுக்காரர் தண்ணி மோட்டாரை எப்போது போட்டார். நாடு மாறியதில் எனக்குக் கிடைத்ததிலேயே பெரியது இந்தப் பத்து நிமிஷம்தான் என்று சில நாள் தோன்றும். இதற்கு எத்தனை மதிப்பெண் போடுவது, எந்த எண்ணால் பெருக்குவது என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை.

மனைவி இந்த நாட்டுப் பல் மருத்துவத் தேர்வின் எழுத்துப் பகுதியைப் போன வருடம் முடித்துவிட்டாள். செய்முறைத் தேர்வு பாக்கி. ஒருமுறை எழுதினாள், வரவில்லை. மறுபடியும் எழுதப்போகிறாள். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாள் சாயங்காலம் சமையலும் மகளும் என் பொறுப்பு. எனக்குச் சாம்பாரில் இன்னும் உப்பு நிற்பதில்லை. சில நாள் அவள் படித்துக்கொண்டே அழுகிறாள். சில நாள் என்மேல் எரிந்து விழுகிறாள். வெளியே வானம் அப்பழுக்கில்லாமல் நீலமாக இருக்கிறது. இப்போதெல்லாம் நான் வானத்தைக் காரணம் சொல்வதில்லை.

நேற்று அம்மா போனில் கேட்டார்: "அங்க வெயில் எப்படிடா இருக்கு?"

"இருக்கும்மா. வேணும்ங்கிற அளவுக்கு இருக்கு."

"அப்ப எல்லாம் நல்லாருக்கியா?"

நாலு வருஷத்துக்கு முன்னால் என்றால் வெயிலைச் சொன்ன கையோடு "நல்லாருக்கோம்மா" என்று சொல்லி வைத்திருப்பேன். கொஞ்சம் யோசித்தேன்.

"அது தனியா பாத்துக்கணும்மா" என்றேன்.